பொருள்: ‘டபுள் எலிமினேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் பற்றிய சிறுவர் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதிப்பாளரிடம் கொடுத்தாக வேண்டும். காலேஜ் வேர்ல்டு சீரிஸ் அத்தியாயத்தில் சிக்கி நிற்கிறேன். பேஸ்பால் பருவத்தின் முடிவில் 64 கல்லூரி அணிகள் 16 இடங்களில் நான்கு நான்காக மோதுகின்றன. அதில் வென்ற 16 அணிகள் ஜோடி ஜோடியாக ஆடி எட்டாகச் சுருங்குகின்றன. அந்த எட்டும் நெப்ராஸ்காவின் ஓமாகா நகருக்கு வருகின்றன. 1950 முதல் அதே ஊர்தான்.

அங்கே ஒரு முறை தோற்றால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாம் முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். இதற்கு ‘இரட்டை வெளியேற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு அணிகள் சேர்ந்து வெளியேறுவதுபோல் படுகிறது. உதவுங்கள்.
– மீ.

---

அன்புள்ள மீ. அம்மா,

‘இரட்டை’ வேண்டவே வேண்டாம். ‘இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா’ என்கிறது தொல்காப்பியம். பிரித்தால் பொருள் தராத ஜோடிக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இங்கே ஒரு தோல்வி சனிக்கிழமை வரும், மற்றது செவ்வாய்க்கிழமை வரும். ஆகவே ‘இரு’ என்பதே சரி.

அடுத்து ‘எலிமினேஷன்’. அதன் வேர் லத்தீனில் வாசற்படி; படிக்கு வெளியே தள்ளுவதுதான் மூலப்பொருள். வாசலுக்கு வெளிப்பக்கத்தைக் குறிக்க நம்மிடம் ‘புறங்கடை’ என்ற அருமையான பழஞ்சொல் இருக்கிறது. ‘இருமுறைப் புறங்கடை’ என்று ஆக்கலாம். ‘கடை’ என்பதற்கு வாசல், இறுதி என்று இரு பொருளும் உண்டு என்பதால், பருவக் கடைசிப் போட்டிக்கு இது இன்னும் பொருந்தும்.
– அர.

---

ஐயா, வணக்கம்.

‘இரு’ பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். புறங்கடையை ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் புறக்கடை என்றால் கொல்லைப்புறம். பத்து வயதுக் குழந்தை இதைப் படித்தால் அணி எங்கே போனது என்றுதான் கேட்கும்.

ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு ‘மறுவாய்ப்பு’ பழகிய சொல். முதல் குவாலிபையரில் தோற்ற அணிக்கு இன்னொரு ஆட்டம் உண்டல்லவா? ‘மறுவாய்ப்பு முறை’ போதுமே.
– செ.

---

தம்பி செ.,

மறுவாய்ப்பு வேறு இடத்துக்கு வேண்டும். மல்யுத்தத்தில் இறுதிக்குப் போனவரிடம் தோற்றவருக்கு ரெபிசாஜ் தருகிறார்களே, அதற்கு அதுதான் பொருத்தம். அந்த வழியில் எவ்வளவு வென்றாலும் வெண்கலம்தான். ஓமாகாவில் அப்படியில்லை, ஒரு முறை தோற்ற அணி கோப்பையையே தூக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் இந்தப் போட்டியின் உயிரே போய்விடும்.

எங்கள் பக்கம் கபடி நோட்டீஸில் ‘நாக்-அவுட் முறை’ என்றுதான் அச்சடிக்கிறார்கள். பாட்டிக்கும் தெரியும். ‘டபுள் நாக்-அவுட்’ என்றே விடலாமே!
– கா.

---

அது எப்படி விடலாம்? கபடியைப் பாடிப் பிடித்த ஊரில் தோற்றதைச் சொல்லச் சொல் இல்லையா? சோழர் இருவர் உறையூரில் மோதியபோது கோவூர்கிழார் ‘இருவீர் வேறல் இயற்கையும் அன்றே’ என்று பாடினார். இருவரும் வெல்வது இயலாது என்று அவ்வளவு சுருக்கமாகச் சொன்ன மொழி இது. வெற்றி தோல்விக்கு நாம் கடன் வாங்கக் கூடாது.
– அர.

---

ஐயா சொன்ன ‘இரு’வையே பிடித்துக்கொண்டு ‘இருதோல்வி நீக்கம்’ என்று வைக்கலாம். கேட்டவுடன் விதி புரிகிறது.

ஆனால் மீ. அக்கா, ஒன்றைக் கவனியுங்கள். 2018இல் ஆரிகன் ஸ்டேட் கல்லூரி அணி ஓமாகாவில் முதல் ஆட்டத்திலேயே நார்த் கரோலினாவிடம் தோற்றது. அப்புறம் வரிசையாக வென்று இறுதிக்கு வந்தது. அங்கேயும் ஆர்கன்சாவிடம் முதல் ஆட்டம் போச்சு. இரண்டாம் ஆட்டத்திலும் பின்தங்கியிருந்தது; கடைசியான ஒன்பதாம் இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், மூன்றாமவரும் அவுட்டானால் கதை முடிந்தது. ஆர்கன்சா கோப்பையைத் தொட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மட்டையில் பட்டு வலப்பக்கம் எல்லைக்கோட்டுக்கு வெளியே உயர எழுந்த பந்து மூன்று தடுப்பாளர்களுக்கு நடுவே தரையில் விழுந்தது. பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பிழைத்த ஆரிகன் ஸ்டேட் மட்டையாளர் கிரெனியர் அடித்த அடியில் கணக்கு சமமானது. அடுத்து வந்த லார்னாக் பந்தை வேலி தாண்டி அடித்த ஹோம் ரன்னில் 5-3. மறுநாள் 5-0 என்று கோப்பையும் வந்தது.

ஆக, அங்கே மொத்தம் இரண்டு முறை தோற்ற அணிதான் சாம்பியன். ஓமாகாவில் எட்டு அணிகளும் நான்கு நான்காக இரு பிரிவாக ஆடும் வரைக்கும்தான் இருதோல்விக் கணக்கு. இறுதியில் அது அழிந்து, மூன்றில் இரண்டு என்ற புதுக் கணக்கு தொடங்கும். 2003 முதல் அப்படித்தான். தொடர் முழுவதுக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.
– செ.

---

செ. சொன்னது சரி. பிரிவு ஆட்டங்களுக்கு மட்டும் ‘இருதோல்வி நீக்கம்’, இறுதிக்கு ‘மூன்றில் இரண்டு’ என்று மாற்றிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. 16 அணிகள் எட்டாகச் சுருங்கும் ‘சூப்பர் ரீஜனலு’க்கு ‘மீமண்டலச் சுற்று’ என்று எழுதியிருக்கிறேன், யாராவது பாருங்கள்.
– மீ.

---

‘நீக்கம்’ என்றால் யாரோ நீக்குகிறார்கள் என்றாகிறது. தோற்றவன் தானே வீழ்கிறான். ‘இருதோல்வி வீழ்வு’ என்பதே என் கட்சி. அடுத்த பதிப்பிலாவது பாருங்கள். ‘மீமண்டலம்’ வானியலில் கொண்டுபோய் விடும். ‘மேல்வட்டாரச் சுற்று’ போடுங்கள் அம்மா.
– அர.