225 கிராம் மைதா எத்தனை கப்? கேக் மேலே வெடித்து, உள்ளே உதிர்கிறது

கேள்வி:
வணக்கம். வீட்டில் தராசு இல்லை. 240 மி.லி. கப்பும் அளவுக் கரண்டிகளும்தான் இருக்கின்றன. பிரிட்டிஷ் முறை ஸ்பாஞ்ச் கேக்குக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் தலா 225 கிராம், முட்டை 4, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி. ஓர் அட்டவணையைப் பார்த்து மைதா 1¾ கப்பும் 2 மேசைக்கரண்டியும், சர்க்கரை 1 கப்பும் 2 மேசைக்கரண்டியும், வெண்ணெய் 1 கப்பும் எடுத்தேன். கேக் வறண்டுவிட்டது. இன்னோர் அட்டவணையோ மைதா 1½ கப் போதும் என்கிறது. மகளின் பிறந்தநாள் நெருங்குகிறது. எதை நம்புவது?

பதில் 1:
இரண்டுமே சரிதான் சகோதரி. மைதாவைக் கரண்டியால் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால் கப்புக்குச் சுமார் 120 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போகும். முதல் அட்டவணை தளர்ந்த மாவுக்கு, இரண்டாவது அள்ளிய மாவுக்கு. நீங்கள் எப்படி அளந்தீர்கள்? சர்க்கரையைப் பொடித்தீர்களா?

கேட்டவர்:
மைதாவைக் கப்பால்தான் அள்ளினேன். சர்க்கரையை முன்பே மிக்ஸியில் பொடித்து வைத்திருந்தேன், அந்தப் பொடியைத்தான் அளந்தேன்.

பதில் 1:
காரணம் கிடைத்துவிட்டது. மைதா 280 கிராம் வரை போயிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு சர்க்கரையில். மணியாக இருக்கும்போது கப்புக்கு 200 கிராம் பிடிக்கும், பொடித்தபின் சுமார் 120தான். அப்படியென்றால் 225 கிராமுக்குப் பதில் ஏறக்குறைய 135 கிராம்தான் விழுந்திருக்கிறது. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, கேக்கின் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். இனி மணியாக அளந்துவிட்டுப் பிறகு பொடியுங்கள். வேறெதையும் மாற்றாவிட்டாலும் இதை மட்டும் மாற்றுங்கள்.

பதில் 2:
தராசு இல்லாமலே உங்கள் கையின் அளவைத் தெரிந்துகொள்ளலாம். புதிய 500 கிராம் மைதா பாக்கெட்டைப் பிரித்து, முழுவதையும் கப் கப்பாக அளந்து பாருங்கள். நான்கு கப்புக்குச் சற்று மேல் வந்தால் உங்கள் கப் 120 கிராம் பிடிக்கிறது. மூன்றரையிலேயே முடிந்தால் 140ஐத் தாண்டுகிறது. வெண்ணெய்க்குக் கப்பே வேண்டாம். 100 கிராம் கட்டிகள் இரண்டு, மூன்றாவதில் கால் பங்கு.

கேட்டவர்:
அள்ளி அளந்தபோது மூன்றரைக் கப்தான் வந்தது. கரண்டியால் போட்டு வழித்தால் நான்கைத் தாண்டுகிறது! இன்னொரு சந்தேகம்: அக்கா வீட்டுக் கப்பின் அடியில் 250 மி.லி. என்றிருக்கிறது. அங்கே செய்தால்?

பதில் 2:
அதில் தளர்ந்த மைதா கப்புக்கு 125 கிராம் பிடிக்கும். 1¾ கப்பும், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகவும் போடுங்கள். பேக்கிங் பவுடருக்குக் கப் எதுவானாலும் கணக்கு மாறாது. அதே 5 மி.லி. தேக்கரண்டி, தலை வழித்து இரண்டு.