புதுப்பிப்பு: விட்ஸில போட்ட ஸ்பேசர்

போன மாதம் கேட்டிருந்தேன்: ரொயோட்டா விட்ஸுக்கு வாங்கின அலோய் ரிம் முன் பிரேக் கலிப்பரில (பிரேக் கட்டையை அமத்திற பகுதி) முட்டினதால 5 மில்லிமீற்றர் ஸ்பேசர் (ரிம்மை வெளியால தள்ளிவைக்கிற தட்டு) போட்டேன், 60 கிலோமீற்றர் வேகத்தில ஸ்டியரிங் நடுங்குது, ஏன் எண்டு.

"நட் எத்தினை சுத்துப் பிடிக்குது எண்டு எண்ணிப் பாருங்கோ" எண்டு எழுதின அண்ணைக்கு முதல் நன்றி. எண்ணினேன். ஸ்பேசர் இடத்தைப் பிடிச்சதால ஐஞ்சரைதான்! நட் பூட்டுற ஸ்டட் (புரி வெட்டின கம்பி) 12 மில்லிமீற்றர் தடிப்பு, புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். தடிப்பளவுக்காவது புரி பிடிக்கவேணும், அதாவது 8 சுத்து. பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தி இறக்கின கார் இது. அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்லை.

கராஜில 10 மில்லிமீற்றர் கூட நீளமான ஸ்டட் மாத்தியாச்சு. இப்ப 12 சுத்து. மூடின நட் போட்டால் ஸ்டட் நுனி உள்ள முட்டி இறுகினமாதிரிப் பொய் காட்டும். அதால திறந்த நட் வாங்கினேன்.

நடுக்கத்துக்குக் காரணம் வேற. ரிம்மின்ர நடு ஓட்டை 67.1 மில்லிமீற்றர், அதுக்குள்ள வாற ஹப் (சில்லு பூட்டுற நடுப்பகுதி) 54.1. அந்த இடைவெளியை அடைக்கிற அளவான ஹப் ரிங் (வளையம்) போட்டதும் நடுக்கம் நிண்டுட்டுது.

ரோர்க் ரென்சால (இறுக்கிற அளவைக் காட்டுற சாவி) 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, பருத்தித்துறை போய்வந்து திரும்பப் பார்த்தேன். ஒரு நட் கொஞ்சம் இளகியிருந்தது. கட்டாயம் பாருங்கோ.

பின் சில்லு ட்ரம் பிரேக், அங்க ஒண்டும் முட்டேல்லை. அங்கயும் போட்டிருந்த ரெண்டு ஸ்பேசரையும் கழட்டிட்டேன்.