“மாசம் மூவாயிரம்தான் அக்கா”: புது ஃபோன் தவணையில் நம் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

போன மாதம் வரைக்கும் புது ஃபோன் வாங்கியே ஆக வேண்டும் என்றுதான் இருந்தேன். என்னுடையது 2021 தீபாவளிக்கு வாங்கியது. காலையில் முழு சார்ஜோடு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் முப்பது சதவீதத்துக்கு வந்துவிடும். காய்கறிக் கடையில் பணம் அனுப்ப ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்னால் நிற்பவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவது தெரியும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே புதுசு வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஷோரூமுக்குப் போனேன். பிடித்த ஃபோன் 36,000 ரூபாய். நான் தயங்குவதைப் பார்த்ததும் அங்கிருந்த தம்பி, “முழு விலையைப் பார்க்காதீங்க அக்கா. மாசம் மூவாயிரம்தான். வட்டியே கிடையாது, நோ காஸ்ட் இஎம்ஐ” என்றார். கால்குலேட்டரில் பன்னிரண்டால் வகுத்து என் பக்கம் திருப்பியும் காட்டினார். கணக்கு சரிதான். ஆனாலும் நான் வேலை பார்ப்பது கணக்குப் பிரிவில். வட்டியே இல்லாமல் யார் கடன் கொடுப்பார்கள் என்பது மனதில் உறுத்தியது. யோசித்துச் சொல்கிறேன் என்று விவரத்தை மட்டும் எழுதி வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. கிரெடிட் கார்டு தவணையில் ‘பூஜ்ஜிய வட்டி’ என்று சொல்லி, வட்டியை வேறு கட்டணத்துக்குள் ஒளிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ விலையில் முன்கூட்டியே தள்ளுபடி கொடுத்துவிடுகிறது. என் கார்டுக்கு வருடத்துக்கு 16 சதவீத வட்டி. அதாவது கடன் 33,065 ரூபாய், வட்டி 2,935 ரூபாய், இரண்டும் சேர்ந்துதான் அந்த 36,000. ஆனால் வட்டியின் மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில்தான்: 528 ரூபாய். பிராசஸிங் கட்டணம் வரியோடு 235. ஆக 763 ரூபாய் கூடுதல்.

இது பெரிய தொகை இல்லைதான். ஆனால் மொத்தப் பணமும் கொடுத்து வாங்கினால் அதே கடையில் 1,500 ரூபாய் குறைப்பார்களாம். கேட்டபிறகுதான் சொன்னார்கள். அப்புறம் அந்தத் தாளில் திரைக் காப்பீடு என்று 1,999 ரூபாய் தானாகவே ஏறியிருந்தது. மூன்றையும் கூட்டினால் 4,262 ரூபாய். வட்டி இல்லை என்று சொன்ன ஃபோனுக்கு இவ்வளவு.

அதை விடுங்கள். என்னை நிறுத்தியது வேறு ஒன்று. மூவாயிரம் என்பது என் வீட்டில் மகனின் ஸ்கூல் வேனும் கேஸ் சிலிண்டரும் சேர்ந்த தொகை. ஒரு வருடம் முழுக்க இன்னொரு வேன், இன்னொரு சிலிண்டர். சரி, அவ்வளவு கொடுத்து எந்தக் குறையைத் தீர்க்கப் போகிறேன் என்று காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். சார்ஜ் நிற்கவில்லை. மெமரியில் இடம் இல்லை. மெதுவாக இருக்கிறது. அவ்வளவுதான். கேமராவும் 5ஜியும் அந்தத் தாளில் வரவே இல்லை. கடையில் முக்கால்வாசி நேரம் பேசியது அதைப் பற்றித்தான். ஆபீஸிலும் வீட்டிலும் வைஃபை இருக்கும் எனக்கு 4ஜியே தாராளம்.

மறுநாள் தில்லைநகரில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சின்னப் பையன் ஒருவர் ஃபோனைச் சூடான தட்டில் கொஞ்ச நேரம் வைத்து, கிடார் வாசிக்கும் வில்லை போல ஒன்றை ஓரத்தில் செருகி, பின்மூடியை மெல்லத் திறந்தார். உள்ளே இருந்த பேட்டரி மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து விரலால் ஒரு முனையைத் தொட்டார். ஸ்கேல் சீசா பலகை மாதிரி ஆடியது. “நடுவுல உப்பியிருக்கு, பாருங்க மேடம். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா திரையைத் தள்ளியிருக்கும்” என்றார். எனக்குப் பகீரென்றது. ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிற பொருள்!

பேட்டரி மாற்ற வரியோடு 2,350 ரூபாய். நாற்பது நிமிடம். லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற ஏற, சூடு பட்டுப் பட்டுத் தேயும் பொருள். நான்கு வருடம் தினம் ஒரு தடவை சார்ஜ் போட்டிருந்தாலே ஆயிரத்து நானூறு தடவை தாண்டுகிறது. மெதுவாக ஓடுவதற்கும் பேட்டரி காரணமாகலாம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பேட்டரி பழசான ஐஃபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, அடுத்த வருடம் முழுக்கப் பேட்டரி மாற்றும் கட்டணத்தையும் குறைத்தது. என் ஃபோன் ஐஃபோன் இல்லை. அதில் இடம் நிரம்பியதுதான் வேகக் குறைவுக்கு முக்கியக் காரணம் என்று அந்தப் பையன் சொன்னார். வாட்ஸ்ஆப்பில் மட்டும் 31 ஜிபி. சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோக்களை அழிக்கவே ஒரு சாயங்காலம் ஆனது.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு நாற்பது சதவீதம் நிற்கிறது. உங்களில் யாராவது தவணையில் எடுத்து, எடுத்தது சரிதான் என்று நினைக்கிறீர்களா? உண்மையாகவே கேட்கிறேன்.

கோவையிலிருந்து:

நான் எடுத்தேன் அக்கா. எனக்குச் சரியாகத்தான் இருந்தது. சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். ஃபோன் இல்லையென்றால் வண்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை. பழைய ஃபோன் அவிநாசி ரோட்டு வெயிலில் ஹேண்டில்பாரில் இருந்தபடியே அணைந்துவிடும். திரும்ப உயிர் வருவதற்குள் ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிருக்கும். மேப்பில் நான் ஒரு தெருவில் இருப்பேன், புள்ளி இன்னொரு தெருவில் நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று ஆர்டராவது இப்படிப் போகும். குறைத்துப் போட்டாலும் நூறு ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 2,500. புது ஃபோன் 14,500 ரூபாய். கையிலிருந்து 2,500 கட்டினேன், மீதி மாதம் 1,500 வீதம் எட்டு மாதம். முதல் மாதமே ஃபோன் தன் தவணையைத் தானே சம்பாதித்துவிட்டது.

ஆனால் ஒரு அடி வாங்கினேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. கடையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு ஃபைனான்ஸ்காரர் மூலம் எடுத்தேன். தவணை பிடிப்பது மாதம் இரண்டாம் தேதி. எனக்குப் பணம் வருவது வாராவாரம் புதன்கிழமை. மூன்றாவது மாதம் இரண்டாம் தேதி திங்கட்கிழமை, கணக்கில் 900 ரூபாய்தான். பவுன்ஸ் ஆகிவிட்டது. ஃபைனான்ஸ்காரர் கட்டணம் தனி, வங்கிக் கட்டணம் தனி, இரண்டும் சேர்த்து 1,090 ரூபாய். அன்றைக்கு மழையில் பத்து மணி நேரம் ஓட்டிய காசு அது. வீட்டில் சொல்லவே இல்லை.

அதனால் தவணை எடுக்கிறவர்கள் தேதியை முதலில் கேளுங்கள். சம்பளம் வந்து இரண்டு நாள் கழித்து இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள். அப்புறம், 2024 அக்டோபர் முதல் இந்த மாதிரிக் கடனுக்கு எல்லாச் செலவையும் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரே தாளில் எழுதித் தர வேண்டும், அபராதம் எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். எனக்கும் தந்திருக்கிறார்கள். ஃபோனில் வந்த பதினாலு பக்கத்தில் அதுவும் ஒன்று, நான் படிக்காமல் கடைசிக்குப் போய் ஓகே கொடுத்துவிட்டேன். பவுன்ஸ் ஆனதற்கு அப்புறம்தான் படித்தேன்.

சிங்கப்பூரிலிருந்து:

இங்கே கணக்கு வேறு மாதிரி. ஃபோனையும் மாதாந்திர பிளானையும் சேர்த்து இரண்டு வருட ஒப்பந்தமாகக் கொடுப்பார்கள். ஃபோன் மலிவு போலத் தெரியும். நான் கட்டியது முன்பணம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதம் 70 வெள்ளி. சிம் மட்டும் எடுத்திருந்தால் எனக்கு 20 வெள்ளியில் முடிந்திருக்கும். வித்தியாசம் 50, இருபத்து நான்கு மாதத்துக்கு 1,200, முன்பணத்தோடு 1,500. அதே ஃபோன் அன்றைக்குக் கடையில் 1,380. ஒப்பந்தம் முடிந்த மறுநாளே சிம் மட்டும் பிளானுக்கு மாறிவிட்டேன். ஃபோன் இன்னும் நன்றாகவே இருக்கிறது. மிச்சமாகும் 50 வெள்ளி அம்மாவின் மருந்துக்குப் போகிறது.

மதுரையிலிருந்து:

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைத்தார்களே, ஃபோனுக்குக் குறையவில்லையா? பெரிய டிவி எல்லாம் இறங்கியதே.

திருச்சியிலிருந்து:

இல்லைங்க. பெரிய டிவியும் ஏசியும் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்தன. ஃபோன் 2020 ஏப்ரலில் 12-லிருந்து 18-க்கு ஏறியதுதான், அங்கேயே நிற்கிறது. என் தம்பியும் இதற்காகவே ஒரு மாதம் காத்திருந்து ஏமாந்தான்.

கோவைத் தம்பி, நீங்கள் சொன்ன தேதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. வீட்டில் சொல்லுங்கள், தப்பு உங்கள் மேல் இல்லை.

என் ஃபோனில் ஒரு குறை பேட்டரி மாற்றியும் தீராது, அதையும் சொல்லிவிடுகிறேன். செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு இருக்கும் இடத்தில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று இருக்கும். எனக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இனி வராது. வங்கி ஆப் அதில்தான் இருக்கிறது, சம்பளம் அதில்தான் வருகிறது. அதனால் என்றைக்கும் இதையே ஓட்ட முடியாது, அடுத்த வருடம் மாற்றித்தான் ஆக வேண்டும். இப்போது சில ஃபோன்களுக்கு ஏழு வருடம் அப்டேட் தருவதாகச் சொல்கிறார்கள். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வந்த சமயத்தில் ஆரம்பித்தது அது. விலையை அந்த வருடங்களால் வகுத்துப் பார்த்து எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அதுவரைக்கும் அந்த மூவாயிரத்தை எனக்கே தவணையாகக் கட்டுகிறேன். மாதாமாதம் கட்டும் சேமிப்பான ஆர்.டி. தபால் ஆபீஸில் ஐந்து வருடக் கணக்கு, எனக்கு ஒத்துவராது. வங்கியில் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டிருக்கிறேன். பிடிக்கிற தேதி ஏழு. சம்பளம் ஐந்தாம் தேதி வந்துவிடும்.