குட்டிப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ்: வகுப்பில் எது எடுபட்டது?

மழலையர் வகுப்பு ஆசிரியை:

நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் எடுக்கிறேன். ஆரம்ப வாரங்களில் என் வகுப்பில் யாரும் ஸ்பானிஷ் பேச வேண்டியதில்லை. கேட்டுச் செய்தால் போதும். 'சால்தா' என்று சொல்லிக்கொண்டே நான் குதிப்பேன், அவர்களும் குதிப்பார்கள். 'கோர்ரே' என்றால் ஓட்டம். 'பாரா' என்றால் அப்படியே நிற்க வேண்டும். 'தோகா லா மேசா' என்றால் மேசையைத் தொட வேண்டும். கொஞ்சம் பழகியதும் நான் அசையாமல் வாயால் மட்டும் சொல்வேன். யாருக்குப் புரிந்திருக்கிறது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் குதிக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும்.

1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் முன்வைத்த 'டோட்டல் ஃபிசிக்கல் ரெஸ்பான்ஸ்' முறைதான் இது. பேச்சு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே குழந்தை 'இங்கே வா', 'அதை எடு' என்பதைப் புரிந்துகொண்டு செய்கிறதே, இரண்டாவது மொழியும் அதே வரிசையில் வரட்டும் என்பது அவர் வாதம்.

சிக்கல் பெற்றோரிடம்தான். "இன்றைக்கு என்ன பேசினாய்?" என்று கேட்பார்கள். பிள்ளை விழிக்கும். அதனால் இப்போது பிள்ளைகளிடம், "வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவைக் குதிக்க வை" என்று சொல்லி அனுப்புகிறேன். அதன் பிறகு புகார் குறைந்தது.

வாயே திறக்காத ஒரு சிறுமி இருந்தாள். 'சிமோன் டிசே' விளையாடும்போது (சிமோன் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும், சும்மா சொன்னால் செய்யக்கூடாது) ஒருநாள் தானே சிமோனாக இருப்பேன் என்று முன்னால் வந்தாள். வகுப்பு முழுவதையும் ஓடவிட்டாள், என்னையும் சேர்த்து. கட்டளை போடும் அதிகாரம் கிடைத்தால் எந்தக் கூச்சமும் போய்விடும் போல!

ஆனால் கட்டளையை மட்டும் வைத்து ரொம்ப தூரம் போக முடியாது. பிடிக்கும், பிடிக்காது என்பதற்கு அறையின் ஒரு மூலையை 'மே குஸ்தா' ஆக்கினேன், எதிர் மூலையை 'நோ மே குஸ்தா' ஆக்கினேன். ஒரு படத்தைக் காட்டினால் அவரவர் மூலைக்கு ஓட வேண்டும். நண்பனோடு நிற்பதா, பிடித்த மூலையில் நிற்பதா என்று சிலருக்குப் பெரிய குழப்பம்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்:

எனக்குக் கைகொடுத்தது மெக்சிகோவின் 'லொதெரியா'. பிங்கோ மாதிரிதான், ஆனால் எண்ணுக்குப் பதில் படம். மொத்தம் 54 சீட்டுகள், ஒவ்வொருவர் அட்டையிலும் 16 படங்கள். அறிவிப்பவர் ஒரு சீட்டை எடுத்துப் பெயரைக் கூவுவார். அட்டையில் அந்தப் படம் இருந்தால் அதன் மேல் ஒரு பீன்ஸ் விதையை வைக்க வேண்டும். சின்னவர்களுக்கு 16 அதிகம், நான் ஒன்பது படத்தோடு அட்டை செய்துகொண்டேன். குடிகாரனையும் மண்டையோட்டையும் எடுத்துவிட்டேன். குட்டிச் சாத்தானை எடுக்க மட்டும் விடவில்லை, அவ்வளவு பிரியம் அதன்மேல்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. சீட்டில் பெயர் தனியாக இருக்காது. 'எல் சோல்', 'லா லூனா' என்று 'எல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) என்ற சொல்லோடு சேர்ந்தே இருக்கும். சூரியன் ஏன் ஆண், நிலா ஏன் பெண் என்று விளக்கவே வேண்டாம், காது ஒரே துண்டாக வாங்கிக்கொள்ளும். ஸ்பானிஷில் 'ஓ'வில் முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். ஆனால் கையைக் குறிக்கும் 'மானோ' 'ஓ'வில் முடிந்தாலும் பெண்பால், 'லா மானோ'. அதற்கும் சீட்டு இருக்கிறது. என் பிள்ளைகள் அதை இயல்பாகச் சொல்கிறார்கள், பெரியவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

மாலை வகுப்பு நடத்துபவர்:

வண்ணம் தீட்டும் தாள் பற்றி யாரும் எழுதாததில் மகிழ்ச்சி. அரை மணி நேரம் அமைதி கிடைக்கும், மொழி கிடைக்காது.

எங்கள் வகுப்பில் ஒரு கைப்பொம்மை இருக்கிறது. அதற்கு ஸ்பானிஷ் தவிர எதுவும் தெரியாது. வேறு மொழியில் பேசினால் தலையைச் சொறியும், அப்புறம் தூங்கிவிடும். எழுப்ப வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்து 'தெஸ்பியெர்தா' என்று கத்த வேண்டும். என் கைதான் அது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் என்னிடம் பேசாத பிள்ளை அதன் காதில் போய் ஸ்பானிஷில் ரகசியம் சொல்கிறது.

இன்னொருவர்:

உச்சரிப்பு பற்றி ஒன்று. தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயிரொலிகளில் தொல்லையே இல்லை, மேலே அலை போட்ட 'ன்' நம்முடைய 'ஞ'வாகவே வந்துவிடுகிறது. மல்லுக்கட்டுவது நாக்கு உருளும் அந்த 'ர்ர்' ஒலியோடுதான். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கே கடைசியாக வரும் ஒலிகளில் அதுவும் ஒன்று, அதனால் நான் அவசரப்படுத்துவதில்லை. மேசையில் பொம்மைக் கார் பந்தயம் வைப்பேன். நாக்கு உருளும்வரைதான் கார் நகரலாம். நாக்குக்குப் பதில் உதடு நடுங்கினாலும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவேன்.

வாய்க்கு முன்னால் காது பழக வேண்டும் என்று இன்னொரு ஆட்டமும் வைத்திருக்கிறேன். 'பெர்ரோ' என்றால் நாய், குரைக்க வேண்டும். 'பெரோ' என்றால் 'ஆனால்', சத்தமே வரக்கூடாது. குரைக்கிற ஆசையில் தப்பாகக் காதில் விழுந்த மாதிரி நடிக்கும் ஆட்களும் உண்டு.