விலை உயர்ந்த மடக்குக் கத்தி: எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பி அனுப்பணும்?

சாட்ஸ்வர்த்காரன்
வணக்கம். ஆன்லைனில் வாங்கிய டைட்டானியம் ஃப்ரேம்லாக் (கைப்பிடியின் ஒரு பக்கமே வளைந்து அலகின் அடியைத் தாங்கிப் பூட்டும் வகை) மடக்குக் கத்தி நேற்று கைக்கு வந்தது. வரியோடு 9,500 ரேண்ட், அலகு எஸ்35விஎன் என்ற எஃகு. மடக்கினால் அலகு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது, ஆனால் உரசவில்லை. விரித்தபின் பூட்டு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கூர்ப்பட்டை (விளிம்பில் சாணை பிடித்த சரிவு) ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். காகிதத்தை நறுக்கும்போது இடையில் சிக்குகிறது. இந்த விலைக்கு இதெல்லாம் இருக்கலாமா?

சாணைக்கல்
நாலும் ஒரே தராசில் வைக்கிற குறை இல்லை. முதலில் பூட்டைப் பாருங்க, மற்றது அப்புறம்.

அலகை விரித்து, முதுகில் கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் அழுத்துங்க. துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டு ஆட்டம் வேறு விஷயம், பிவட் திருகை (அலகு சுழலும் அச்சுத் திருகு) லேசாக முடுக்கினால் பெரும்பாலும் போய்விடும். முதுகை மேசையில் ஓங்கித் தட்டிச் சோதிக்காதீங்க. அது சோதனை இல்லை, நல்ல பூட்டையும் கெடுக்கிற வேலை.

ஒட்டுவதற்குக் காரணம், டைட்டானியம் எஃகின்மேல் உரசும்போது பற்றிக்கொள்ளும் உலோகம். அதனால்தான் பூட்டு முகத்தைக் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளைப் பூசிக் கடினமாக்குவார்கள், அல்லது எஃகுத் துண்டு ஒன்றைப் பதிப்பார்கள். பூட்டு முகமும் அலகின் அடியும் சந்திக்கிற இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, பென்சில் கரியைத் தேய்த்து, இருநூறு தடவை திறந்து மூடுங்க. அப்படியும் ஒட்டினால், பூட்டு வந்து உட்காரும் அலகடியின் சரிவுக் கோணம் தப்பு. சுமார் 8 டிகிரி இருக்கணும். குறைந்தால் ஆப்பு மாதிரி இறுகும், கூடினால் வழுக்கும். கோணத்தை நீங்க ராவிச் சரிசெய்ய முடியாது.

அம்கெனி_கொல்லன்
அலகு சாய்வது பார்வைக் குறைதான் என்பார்கள். 1,000 ரேண்ட் கத்திக்கு அது சரி. 9,500-க்கு நாம் காசு கொடுப்பதே துல்லியத்துக்குத்தானே? வெட்டுவதென்றால் இரண்டு கத்தியுமே நன்றாக வெட்டும். பிவட் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, அலகை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்து முடுக்கினால் சில கத்திகளில் நடுவுக்கு வரும். பிறகு திருகு தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நீலம் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், சூடுகாட்டாமல் கழற்றவே முடியாது. அலகு சுழலும் இடத்து வாஷரில் பட்டாலும் தொல்லை.

கூர்ப்பட்டையைத் தொழிற்சாலையில் சாணை பெல்ட்டில் கையால் பிடிப்பதால் கொஞ்சம் ஏறுமாறாக வரும். காகிதம் சிக்குவது பிசிறாலும் இருக்கலாம், சின்ன உடைசலாலும் இருக்கலாம். நகத்தின்மேல் கூர்விளிம்பை மெல்ல இழுத்துப் பாருங்க, தெரிந்துவிடும். பெல்ட் சூட்டில் விளிம்பு பதம் இழந்திருந்தால் சீக்கிரம் மழுங்கும். இரண்டு மூன்று சாணைக்கப்புறம்தான் அசல் எஃகு கைக்கு வரும். பக்கத்துக்கு 17 முதல் 20 டிகிரி வையுங்க. கல் வைரக்கல்லாக இருக்கட்டும். எஸ்35விஎன்-இல் 3 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அதன் கார்பைடு சாதாரணக் கல்லின் அலுமினாவைவிடக் கடினம்.

வெரூலம்_வாசகி
அண்ணா, திருகையும் கல்லையும் தொடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. அது நம் தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம். குறையுள்ள பொருளுக்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்தில் 6 மாதம் இருக்கிறது: பழுது, மாற்று, பணம், எது வேண்டும் என்பது உங்க விருப்பம். ஆனால் கழற்றியதும் சாணை பிடித்ததும் தெரிந்தால் கடைக்காரர் அதையே பிடித்துக்கொள்வார். பில்டாங் (உலர்த்திய இறைச்சி) நறுக்கிப் பார்க்கிற ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்க.

இந்தப் பூட்டைப் பிரபலமாக்கிய கிறிஸ் ரீவ் டர்பனில் தொழில் தொடங்கியவர்தான். அவருடைய கத்தியின் பெயரான ‘செபென்சா’ ஜூலு மொழியில் ‘வேலை’. நம் ஊரிலிருந்து போன பூட்டு நமக்கே ஒட்டிக்கொண்டு வருவது வேடிக்கைதான்.

சாட்ஸ்வர்த்காரன்
துடைத்துப் பார்த்தேன், இன்னும் ஒட்டுகிறது. எஃகுத் துண்டு இல்லை. பூட்டு அலகின் அடியை முக்கால்வாசி மூடி நிற்கிறது.

சாணைக்கல்
புதுக் கத்தியில் முப்பதிலிருந்து ஐம்பது சதவீதம் மூடினால் போதும். தேயத் தேயப் பூட்டு உள்ளே நகரும். முக்காலில் தொடங்கினால் நகர இடமே இல்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்க. இன்னும் 6 நாள் இருக்கு.