ஆம்பூர்ச் சண்டை, 1749: தப்பு நவாபுடையதா, யானையுடையதா?

பாலாற்றுக்காரன்:
ஆற்காடு என்றாலே எல்லோரும் 1751-ல் ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைவ் அதன் கோட்டையைப் பிடித்ததில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு நடந்த அந்தப் பங்காளிச் சண்டையின் முதல் பெரிய போர் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1749 ஆகஸ்ட் 3-ல், நம்ம ஆம்பூரில் நடந்துவிட்டது. ஒரு பக்கம் நவாப் அன்வருதீன் கான். எதிரே மராட்டியரிடம் ஏழு வருடம் கைதியாக இருந்துவிட்டு வந்த சந்தா சாகிப், ஹைதராபாத் நிஜாமின் பேரன் முசாபர் ஜங், புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே அனுப்பிய பிரெஞ்சுக்காரர்கள். என் கட்சி: அன்வருதீன் வீரர், தளபதி இல்லை. யானைமேல் உட்கார்ந்து எதிரியைத் தேடிப் போனார், குண்டடி பட்டுச் செத்தார், படை சிதறியது. மூத்த மகன் மாபுஸ் கான் பிடிபட்டார். இளையவர் முகமது அலி திருச்சிக்கு ஓடினார்.

கோட்டைத்தெரு:
அண்ணே, முதலில் அது பங்காளிச் சண்டையே இல்லை. சந்தா சாகிப் பழைய நவாப் தோஸ்த் அலியின் மாப்பிள்ளை. அன்வருதீன் நிஜாம் கொண்டுவந்து வைத்த ஆள். அப்புறம், தளபதி இல்லை என்கிறீர்களே, அவர் நின்ற இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி, நடுவில் அகழி வெட்டிப் பீரங்கி வைத்தார். பிரெஞ்சுக்காரர் இரண்டு முறை மோதித் திரும்பினார்கள். அவர்கள் தளபதி தோத்தேய்க்கே காயம். மூன்றாவது முறை இன்னொரு பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி வந்த பிறகுதான் உடைந்தது. யானையைக் குறை சொல்வது சுலபம். அந்தக் காலத்தில் தலைவர் கண்ணில் படவில்லை என்றாலும் படை ஓடும்.

பாலாற்றுக்காரன்:
பங்காளி விஷயத்தில் தோற்றேன், சரி. ஆனால் நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள், தம்பி. தோத்தேய் விழுந்ததும் புஸ்ஸி எடுத்து நடத்தினார். நவாப் விழுந்ததும் எடுத்து நடத்த இங்கே யார் இருந்தார்கள்? ஆளே இல்லாமல் வைத்திருந்தது யார் தப்பு?

காவேரிப்பாக்கத்தான்:
நடுவில் நுழைகிறேன். உங்கள் கணக்குப்படி சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் மக்கு என்றாகும். 1751-ல் கிளைவ் 200 வெள்ளையர், 300 சிப்பாய்களோடு ஆற்காட்டுக் கோட்டையைச் சண்டையில்லாமல் பிடித்தார். ராஜா சாகிப் 50 நாள் முற்றுகையிட்டும் மீட்க முடியவில்லை. கதவை உடைக்க நெற்றியில் இரும்பு கட்டி விட்ட யானைகள் துப்பாக்கிச் சத்தத்தில் திரும்பிச் சொந்த ஆட்களையே மிதித்தன. ஆனால் அதே ஆள் அடுத்த வருடம் எங்கள் ஊர் மாந்தோப்பில் பீரங்கிகளை மறைத்து வைத்து, இருட்டும் நேரத்தில் கிளைவையே திணற வைத்தார். கிளைவ் ஒரு பிரிவைத் தோப்பின் பின்பக்கம் சுற்றி அனுப்பியிருக்காவிட்டால் முடிவு வேறு.

கோட்டைத்தெரு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தோப்பின் பின்னால் காவல் வைக்காதது ராஜா சாகிபின் தப்பு. ஆம்பூரில் அன்வருதீனுக்கு மலையும் ஏரியும் காவல். உடைந்தது எதிர்முகத்தில்தான்.

பாலாற்றுக்காரன்:
ஏரியும் மலையும் காவல்தான். திரும்பி ஓடவும் வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போகிறேன். அந்த ஏரி எது என்று ஊர்ப் பெரியவர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், நின்று பார்த்துவிட்டு வந்து பதில் எழுதுகிறேன்.