660/850 பேனல், கால் புண்ணுக்குத் தினம் 20 நிமிஷம்: அளவு சரியா?

வெண்கட்டு:
கணுக்காலுக்கு மேலே உட்பக்கம் சிரைப்புண் (காலின் சிரையில் ரத்தம் தேங்கி வர்ற புண்), 3 செ.மீ அகலம், ஆழம் அதிகமில்லை. 660, 850 நானோமீட்டர் எல்இடி பேனலை 15 செ.மீ தூரத்தில் வைத்து தினம் 20 நிமிஷம் காட்டுகிறோம். பெட்டியில் சதுர செ.மீ-க்கு 100 மில்லிவாட் என்று போட்டிருக்கு. முதல் வாரம் ஓரம் சுருங்கியது. இப்போ மூணு வாரமா அப்படியே நிக்குது, நடுவில் மஞ்சள் படலம், லேசா வாடை. நேரத்தைக் கூட்டணுமா? கிருமிக்கு நீல லைட் சேர்க்கலாமா? கட்டைப் பிரிக்காமல் மேலேயே காட்டுகிறோம்.

ஜூல்கணக்கு:
கூட்டாதீங்க, குறைங்க. புண்ணுக்குப் போவது நிமிஷம் இல்லை, ஜூல், அதாவது ஒளி கொடுக்கிற ஆற்றலின் அளவு. மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி 1000-ஆல் வகுங்க: 100 × 1200 ÷ 1000 = 120 ஜூல், சதுர செ.மீ-க்கு. திறந்த புண்ணுக்கு வழக்கமா எடுப்பது 2-லிருந்து 6 வரைதான். இந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு: கொஞ்சம் கொடுத்தால் செல்லைத் தட்டி எழுப்பும், அதிகமானால் அதே செல்லை மந்தமாக்கும். லேபிளை நம்பினால் 4 ஜூலுக்கு 40 விநாடி போதும்.

ஆனா லேபிளை நம்பாதீங்க. அந்த எண்ணைப் பல பேர் சூரிய ஒளி மீட்டரில் எடுக்கிறாங்க. அது வெயிலின் முழு நிறமாலைக்கு அளவு திருத்தியது. சிவப்பு, அகச்சிவப்பு எல்இடி முன்னால் கூடுதலாத்தான் காட்டும். அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிற ஆப்டிகல் பவர் மீட்டரைப் புண் இருக்கும் இடத்திலேயே பிடிச்சுப் பாருங்க. உதாரணத்துக்கு 40 மில்லிவாட் வந்தால் 100 விநாடி. இரண்டு அலைநீளமும் சேர்ந்து எரியுதுன்னா இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. வாரம் மூணு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

நீங்க கட்டு மேலே காட்டினதால் 120-ல் எவ்வளவு உள்ளே போச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது. காஸ், ஃபோம் எல்லாம் ஒளியைத் தடுத்துடும்.

புண்மேசை:
மஞ்சள் படலமும் வாடையும் லைட் பிரச்சினையே இல்லை. படலம் கிடக்கிற வரை ஒளி அதிலேயே சிதறிப்போகும், கிருமியும் அதுக்குள்ளேதான் குடியிருக்கும். வரிசை இப்படி: கட்டைப் பிரி, சலைனில் நல்லா கழுவு, படலத்தைப் பழகின கை எடுக்கட்டும், ஒத்தி ஈரம் வாங்கு, லைட், அதுக்கப்புறம் களிம்பும் கட்டும். சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வெள்ளைப் பூச்சா நிற்கும். முந்தி போட்டால் லைட் அதிலேயே திரும்பிவிடும்.

அதைவிட முக்கியம், இது சிரைப்புண். அழுத்தக் கட்டு இல்லாமல் எந்த லைட்டும் இதை ஆற்றாது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்து வர்ற விகிதத்தை முதலில் பார்க்கணும், 0.8-க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறுக்கிக் கட்டக்கூடாது. ஓரம் தடிச்சு மேலே எழும்பினாலோ, மூணு மாசம் ஆகியும் ஆறலைன்னாலோ பயாப்சி (சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிறது) பார்க்கட்டும், அதுவரை பேனலை அணைச்சு வையுங்க.

நீலம்405:
நீலக் கேள்விக்கு வர்றேன். சிவப்பு லைட் தானா கிருமியைக் கொல்லாது. 1903-ல் ஃபின்சன் என்ற டாக்டருக்கு நோபல் கிடைச்சதை சிவப்பு லைட் விளம்பரத்தில் போடறாங்க; அவர் தோல் காசநோய்க்குக் காட்டினது கார்பன் ஆர்க் விளக்கின் நீல, ஊதா, புற ஊதாக் கதிர்கள். உங்க பேனலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

405, 415 நானோமீட்டர் நீலம் வேலை செய்யும், ஏன்னா பாக்டீரியாவுக்குள்ளே இருக்கிற போர்ஃபிரின் என்ற நிறமி அதை உறிஞ்சி ஆக்சிஜனை விஷமா மாத்துது. 470-ல் அந்த உறிஞ்சல் குறைவு. சிக்கல் அளவில்தான்: பத்துக் கணக்கிலிருந்து நூற்றுக்கணக்கான ஜூல் வரை வேணும். 40 மில்லிவாட்டில் 100 ஜூல் கொடுக்க 2500 விநாடி, கிட்டத்தட்ட 42 நிமிஷம். அதுக்குள்ளே தோல் சூடாகும், புதுசா வர்ற செல்லும் அடிபடும். மேல்தோலுக்குக் கீழே பெரிசா இறங்கவும் செய்யாது.

கிருமியைக் கொல்ல மெத்திலின் ப்ளூ என்ற சாயத்தைத் தடவி 660-க்குப் பக்கத்து சிவப்பு ஒளி காட்டுற முறை தனி. சாயம் அடர்த்தியா இருந்தால் மேல் அடுக்கே ஒளியைக் குடிச்சுடும். வீட்டில் கலந்து பார்க்கிற வேலை இல்லை அது. கிருமிநாசினி யுவி-சி விளக்கைப் புண் பக்கமே கொண்டுவராதீங்க.

புண்ணைச் சுற்றித் தோலில் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, புண்ணிலிருந்து கோடு மேலே ஏறினாலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வெண்கட்டு:
நன்றிங்க. பொவிடோன் அயோடின் தடவின பிறகு காட்டலாமா? டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக் மாத்திரையும் எழுதியிருக்காங்க.

நீலம்405:
பொவிடோனின் பழுப்பு நீலத்தை நல்லா உறிஞ்சிடும். சிவப்புக்கு அவ்வளவு தடையில்லை, ஆனாலும் கழுவிட்டே காட்டுங்க. டாக்ஸிசைக்ளின் புற ஊதாவுக்கும் அதை ஒட்டின ஊதாவுக்கும் தோலை எரிய வைக்கும். மாத்திரை முடியுற வரை 405 யோசனையை விடுங்க. 660, 850 பற்றி எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

ஜூல்கணக்கு:
லைட் போடும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடுறீங்களா? 850 எல்இடி எரியுறது கண்ணுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் மங்கலான சிவப்பாத்தான், கண் பாப்பாவும் சுருங்காது. பாதி பல்பு செத்துப்போச்சுன்னு குனிஞ்சு உத்துப் பார்க்கிறவங்கதான் அதிகம். போன் கேமராவில் பாருங்க, லேசான ஊதாவா தெரியும்.